நாலரைக் கிலோ ஆள்

மாஸ்டருக்குக் கண்ணே டேப். கடைப்படி ஏறும் ஆளை ஒரே ஒரு பார்வை பார்ப்பார். தோள் பதினேழு, மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்து மூன்றரை என்று மனசுக்குள் ஓடி முடிந்துவிடும். கழுத்தில் டேப் தொங்கும்தான். அது சும்மா, வருகிறவர்களின் திருப்திக்கு. "டேப் தொய்யும், கண்ணு தொய்யாது" என்று பெருமை அடித்துக்கொள்வார். கேட்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சட்டையைப் போட்டுப் பார்த்ததும் வாயடைத்துப் போய்விடுவான். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கச்சிதம். அதனால் ஊருக்கெல்லாம் அவர் கண்ணளவு மாஸ்டர்.

கடை என்றால் பெரிய கடை ஒன்றும் இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு வெட்டு மேஜை, ஒரு தையல் மெஷின், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அவர் வெட்டுவார், மனைவி தைப்பார். முப்பது வருஷமாக இதே கதை. அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் போட்ட தையலை அவராகப் பிரித்தால்தான் உண்டு.

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவியை மெஷினில் உட்கார வைத்து மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். "ஒருத்தரோட உடம்பு குறைஞ்சிருந்தா வாய் தவறிக்கூட சொல்லிடாதே. பெருத்தவன் கோவிச்சுக்குவான், போகட்டும். இளைச்சவன் பயந்துடுவான். நோட்டுல பழைய அளவு அப்படியே இருக்கட்டும். நாம சத்தம் போடாம தையலை உள்ளே தள்ளிப் பிடிச்சு விட்டுடணும்."

இதற்கு அவர் சொல்லும் உதாரணம் ஒரு கணக்கு வாத்தியார். பட்டன் தைக்கச் சட்டையைக் கொண்டுவருவார் மனுஷன். மாஸ்டர் பட்டனோடு பக்கத் தையலையும் கால் இஞ்ச் உள்ளே தள்ளிப் பிடித்துக் கொடுத்துவிடுவார். ஒரே வருஷத்தில் ஐந்து தடவை. ஐந்தாவது தடவை போனவர் திரும்பி வரவில்லை, செத்துப்போனார். "கடைசி வரைக்கும் ஆள் அப்படியே இருந்தாரேன்னு எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. எல்லாம் நம்ம சட்டை!" என்று மாஸ்டர் மார்தட்டிக்கொள்வார். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார் இந்தக் கதையை.

அவருக்குத் தலைவலி வந்தபோது அதையும் கண் வேலையின் கணக்கில்தான் எழுதினார். பின்னே, பொழுதெல்லாம் துணியை உற்றுப் பார்த்தால் வலிக்காதா? மிட்டாய் மாதிரி வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெட்டினார். இரத்த அழுத்தம் என்று ஒன்று உள்ளே ஏறிக்கொண்டே போனது அவருக்கு எங்கே தெரிந்தது? அது தட்டிக் கூப்பிடுகிற சாமான் இல்லையே. தெரிந்தபோது கிட்னி இரண்டும் சுருங்கி, கைக்குட்டை மாதிரி மடங்கிக் கிடந்தன. அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள், காலையில், ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

அங்கே மெஷின் பார்க்கும் பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். படபடவென்று பேசுவாள், வேலையில் கறார். மாஸ்டர் முதல் வாரமே அவளைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டார்.

"ஏம்மா, ரெண்டு முஷ்டி அளவு இருக்குது. அதுக்கு இவ்வளவு பெரிய மெஷினா?"

"முஷ்டி அளவுதான் மாஸ்டர். ஆனா ஒரு நாளைக்கு நூத்தி எண்பது லிட்டர் வடிகட்டும்."

"அடேங்கப்பா! உடம்புல அவ்வளவு தண்ணி ஏது?"

"அதே தண்ணிதான், திரும்பத் திரும்ப. ஒவ்வொரு கிட்னியிலயும் பத்து லட்சம் சல்லடை இருக்கு, கண்ணுக்கே தெரியாது. ரத்தம் வர்ற வேகத்துல தண்ணி அதுல இறங்கும். இறங்கினதுல உடம்புக்கு வேணுங்கிறதையெல்லாம் திருப்பி எடுத்துக்கிட்டு, அழுக்கோட ஒண்ணரை லிட்டரை மட்டும் வெளியே விடும்."

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. வந்த துணியை எல்லாம் பிரித்துப் பார்த்து, நல்லதை மடித்து உள்ளே வைத்து, வெட்டுத்துண்டை மட்டும் கூட்டித் தள்ளுகிற ஆள்.

"அது மட்டும் இல்ல. பிரஷர் இறங்கிச்சுன்னா அதுக்கு உடனே தெரியும். உப்பைப் பிடிச்சு வைக்கும், ரத்தக் குழாயை இறுக்கச் சொல்லித் தகவல் அனுப்பும், தாகம் எடுக்க வைக்கும். பிரஷர் ஏறினா உப்பையும் தண்ணியையும் வெளியே தள்ளிடும். ராத்திரி பகல்னு பார்க்காம இதே வேலை."

"இப்போ அந்த வேலையை யாரு பார்க்கிறா? நீயா?"

"நான் எங்க பார்க்கிறது? இதோ, இவர்தான்" என்று அவள் வாசலோரம் இருந்த எடை மெஷினைக் காட்டினாள்.

விஷயம் இதுதான். மாஸ்டருக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சொல்ல உள்ளே ஆள் கிடையாது. ஆகவே தண்ணீர் போக நிற்கிற சொந்த எடை இவ்வளவு என்று டாக்டர் ஒரு கணக்குப் போட்டு எழுதி வைத்திருந்தார். 'டிரை வெயிட்' என்பார்கள். மாஸ்டருடையது ஐம்பத்தாறு கிலோ. ஐம்பத்தெட்டரை என்று வந்து ஏறினால் இரண்டரை தண்ணீர். மெஷின் அதை உறிஞ்சி எடுக்கும். ஐம்பத்தாறில் கச்சிதமாக நிறுத்திவிடுவாள் அந்தப் பெண். நூறு கிராம் முன்னே பின்னே போகாது. மாஸ்டருக்கு அவளைப் பிடித்துப் போனதே அதனால்தான். 'நம்ம ஜாதி, அளவு தப்பாது' என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது, ஆனால் பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதை வாயில் வைத்தாலும் மார்க்கிங் சாக்கட்டியைக் கடித்தமாதிரி இருந்தது. மனைவி கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். மாஸ்டர் இரண்டு கவளம் விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆள் வந்தது.

முதல் தடவை வந்தது நல்ல வெயில் நேரத்தில். சாப்பிட்டுவிட்டு வெட்டு மேஜை மேலேயே காலை நீட்டிப் படுத்தார். கண் சொருகும்போது யாரோ அவர் நெஞ்சின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்கள். விளையாட்டுக்குப் பிள்ளைகள் ஏறி உட்காருமே, அப்படி அல்ல. நாற்காலியில் உட்காருகிற மாதிரி, நிதானமாக, உரிமையோடு. மாஸ்டர் திடுக்கிட்டு எழுந்தார். எழுந்ததும் பாரம் இறங்கிவிட்டது. அறையில் ஒருத்தரும் இல்லை. தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, பின்னறையில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

திரும்பப் படுத்தார். திரும்ப வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து தினமும் வந்தது. படுத்தால் வரும், உட்கார்ந்தால் இறங்கிவிடும். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கப் பழகிக்கொண்டார். அப்படிச் சாய்ந்திருக்கும்போது தன் மூச்சின் அடியில் வேறொரு சத்தம் கேட்டது. குமிழி உடைகிற மாதிரி மெல்லிய சத்தம். மூச்சை நிறுத்தினால் அதுவும் நிற்கும். மூச்சு விட்டால் அதுவும் விடும்.

மனைவியிடம் சொன்னார். "யாரோ என்கூடவே இருக்காங்க."

"சும்மா இருங்க, நீங்களும் உங்க பேச்சும்!" என்று அவர் அதட்டினார். அதட்டியவரின் முகம் வெளுத்துப் போனதை மாஸ்டர் கவனிக்கவில்லை. உலகத்து உடம்பை எல்லாம் அளந்த கண், கட்டியவளின் முகத்தை எங்கே அளந்தது?

ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் சரியாக இல்லை. நூற்று நாற்பதில் இருந்த அழுத்தம் நூற்று எழுபதாயிற்று. டாக்டர் ஒரு மாத்திரை கூட்டினார். நூற்று எண்பதாயிற்று, இன்னொன்று கூட்டினார். நான்கு மாத்திரை விழுங்கியும் அது இறங்குவேனா என்றது. மெஷின் பெண் அவர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது.

"கால் வீங்கியிருக்கே மாஸ்டர்?"

"நின்னுக்கிட்டே வெட்டுற காலும்மா. முப்பது வருஷமா இப்படித்தான்."

டயாலிசிஸ் முடிந்து இறங்கிய எடையை அவள் பார்த்தாள். ஐம்பத்தாறு, அச்சடித்தமாதிரி. எடை சரியாக இருக்கும்போது தண்ணீர் எங்கிருந்து வரும்? விட்டுவிட்டாள்.

அடுத்த தடவை எடை மெஷினில் ஏறும்போது மாஸ்டர் சொன்னார்: "ஒரு டிக்கெட்டுல ரெண்டு பேரு ஏறுறோம் போலிருக்கும்மா." அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கண்ணாடி விஷயம்தான் அவரை உலுக்கிவிட்டது. ஒரு நாள் காலை வெளிச்சத்தில் கடையைத் திறந்துவிட்டுத் திரும்பியவர், உள்ளே ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தார். பழக்க தோஷம், கண் உடனே அளந்தது. தோள் பதினாறு, மார்பு முப்பத்து மூன்று. ஐயோ பாவம், உருகிப் போன உடம்பு, யாரோ நோயாளி என்று நினைத்தார். அப்புறம்தான் அது கண்ணாடி என்று உறைத்தது.

அவருடைய அளவு தோள் பதினேழு, மார்பு முப்பத்தாறு. இருபது வருஷமாக மாறாத அளவு. குனிந்து போட்டிருக்கும் சட்டையைப் பார்த்தார். அவரே வெட்டிய சட்டை, முப்பத்தாறுக்கு வெட்டியது. உடம்பில் கச்சிதமாக நின்றது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. எடையும் ஐம்பத்தாறு. சட்டை அதே ஆள்தான் என்கிறது, தராசும் அதையே சொல்கிறது, கண் மட்டும் இது வேறு ஆள் என்கிறது.

"இந்தா, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "என் மார்பு எத்தனை?"

அவர் வாசலிலேயே நின்றார். "முப்பத்தாறு. நோட்டுல இருக்கே."

"அளந்து சொல்லு."

"எதுக்கு அளக்கணும்? சட்டை சரியாத்தானே நிக்குது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சரி, கண் போய்விட்டது என்று மாஸ்டர் முடிவு கட்டினார். அந்த வேதனையை என்னவென்று சொல்ல? கிட்னி போனபோதுகூட அவர் அழவில்லை, அன்றைக்கு அழுதார். அதிலிருந்து கடைக்கு வருகிறவர்களைக் கையை விரிக்கச் சொல்லி டேப் வைத்து அளந்தார். "என்ன மாஸ்டர், புதுசா டேப்பெல்லாம்?" என்று கேலி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், டேப் சொன்னதும் கண் சொன்னதும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்றாகவே இருந்தது. கண்ணாடிக்குள் நிற்கிற அந்த ஒருத்தரிடம் மட்டும்தான் கண் பொய் சொன்னது. அதற்குப் பிறகு அவர் கண்ணாடியின் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டார்.

அது நடந்து நாலாவது நாள் டயாலிசிஸ். முடிந்து இறங்கும்போது ஐம்பத்தாறு, அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. வீட்டுக்கு வந்து, சாப்பாட்டைத் தொடாமல், தையல் மெஷின் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மணி இருக்கும். இந்தத் தடவை அந்த ஆள் அவர் படுக்கும்வரை காத்திருக்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. நெஞ்சின் மேல் அல்ல, நெஞ்சுக்குள். கீழேயிருந்து கிணற்றில் ஊறுகிற மாதிரி ஏறி ஏறித் தொண்டைவரை வந்தது. மூச்சை இழுத்தார், பாதியில் நின்றது. கூப்பிட வாயைத் திறந்தார், சத்தத்துக்குப் பதில் நுரைதான் வந்தது. கழுத்துப் பட்டனைப் பிய்த்தார், அடுத்ததைப் பிய்த்தார், தோலை உரிக்கிறமாதிரி சட்டையை உரித்து வீசினார்.

சட்டை உள்பக்கம் வெளியே தெரிய, தையல் மெஷின் மேல் விழுந்தது, மெஷின் விளக்குக்கு நேர் கீழே.

மூச்சுக்குத் திணறுகிற மனுஷன் எதைப் பார்ப்பான்? ஆனால் தையல்காரன் கண் தையலைத்தான் பார்க்கும். பக்கத் தையலில் அவர் மனைவி முதலில் போட்ட கோடு இருந்தது. அதற்குப் பக்கத்தில், உள்ளே, கால் இஞ்ச் தள்ளி இன்னொரு கோடு. அதற்கும் உள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே மூன்றாவதாக ஒன்று, நூல் இன்னும் புதுசு. இரண்டு பக்கமும் அதே மாதிரி. ஒரு கோட்டுக்குச் சுற்றளவில் ஒரு இஞ்ச். முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்து நாலு, முப்பத்து மூன்று.

கண் பொய் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தார். நுரையைப் பார்த்தார், மெஷின் மேல் கிடந்த சட்டையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "நான்தாங்க பிடிச்சேன். நான்தான். நீங்க பயந்துடுவீங்கன்னு... நீங்கதானே சொன்னீங்க, சொல்லக்கூடாதுன்னு?"

மாஸ்டர் மெஷினைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு செலவானது. "வண்டி. கூப்பிடு. சட்டை. எடுத்துக்கோ."

ஆஸ்பத்திரியில் நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் மெஷின் பெண் பதறிவிட்டாள். "என்ன மாஸ்டர் இது? காலையிலதானே போனீங்க! எடை சரியா ஐம்பத்தாறு, நானே பார்த்தேனே!"

மாஸ்டர் சட்டையை அவள் கையில் திணித்தார். அவள் புரியாமல் விழித்தாள். அவர் விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக் காட்டினார். "முப்பத்தாறு. முப்பத்தஞ்சு. முப்பத்து நாலு. முப்பத்து மூணு. நான் இவ்வளவு போயிட்டேம்மா. எடை மட்டும் எப்படி அப்படியே நிக்குது? மிச்சம் யாரு?"

ஒரு நொடி அவள் சட்டையைப் பார்த்தாள். பிறகு அவருடைய கையைப் பார்த்தாள். வாரம் மூன்று நாள் ஊசி குத்திய கை, எலும்பும் தோலுமாக இருந்தது. அப்போதுதான் அவள் முகம் மாறியது. சதை கரைந்து போன இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கிறது. சதை நூறு கிராம் போனால் தண்ணீர் நூறு கிராம் வந்திருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். அது என்ன செய்யும் பாவம்? மூன்று மாசமாக, அவளே தன் கையால், அந்தத் தண்ணீரை மாஸ்டருடைய சொந்த உடம்பு என்று எண்ணி உள்ளேயே விட்டுவைத்திருக்கிறாள்.

"டாக்டர்!" என்று அவள் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது.

ரத்தத்தைச் சுத்தம் செய்வது அப்புறம், முதலில் தண்ணீரை மட்டும் எடு என்றார் டாக்டர். எடுத்தார்கள். மாஸ்டர் முகத்தில் ஆக்சிஜனோடு சாய்ந்து உட்கார்ந்து, கட்டிலின் அடியில் போகிற வடிகால் குழாயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே சீராக, அவசரமில்லாமல், யாரோ படியிறங்கிப் போகிற மாதிரி இருந்தது. இரண்டு லிட்டர் போனபோது பாதி மூச்சு வந்தது. மெஷின் பெண் பக்கத்திலேயே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "என் மேலதான் தப்பு மாஸ்டர். நான் நம்பரைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கல."

"நீ தராசை நம்பின. நான் சட்டையை நம்பினேன்" என்றார் மாஸ்டர்.

மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வாரத்தில் எடுத்தார்கள். ஐம்பத்தாறு என்பதை அடித்துவிட்டு டாக்டர் புதிதாக எழுதினார்: ஐம்பத்தொன்றரை. அழுத்தம் தானாக இறங்கியது, மாத்திரை நாலிலிருந்து ஒன்றாயிற்று. ஒரு மத்தியானம் மாஸ்டர் வெட்டு மேஜை மேல் மல்லாக்கப் படுத்துப் பார்த்தார். காத்திருந்தார். யாரும் வந்து உட்காரவில்லை.

எழுந்தார், கண்ணாடி மேல் கிடந்த துணியை இழுத்தார். "நோட்டை எடு. டேப்பை எடு. நான் கண்ணால சொல்லமாட்டேன். நீ அளந்து, சத்தமா சொல்லு."

மனைவி நோட்டை மேஜையில் விரித்து வைத்தார். டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்தார். எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தார்.

"சொல்லு."

"முப்பத்து ரெண்டே முக்கால்" என்று சொல்லிவிட்டு, டேப்பை விடாமல், அவர் முதுகில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார். மாஸ்டர் அழவிட்டார். பிறகு நோட்டில் தன் பேருக்கு இருந்த தாளில், தன் கையாலேயே பழைய அளவை அடித்துப் புது அளவை எழுதினார். கடையின் நோட்டில் ஒரு அளவு குறைத்து எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

"இந்தத் தையல் மூணையும் பிரிச்சுடு. தொளதொளன்னே போட்டுக்கிட்டுப் போறேன். பார்க்கிறவங்களுக்குத் தெரியட்டும்" என்றார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையை எடுத்தார்.

மாஸ்டர் நோட்டை மூடவில்லை. பின்னாலிருந்து புரட்டிக்கொண்டே போனார். பழுப்பேறிய ஒரு தாளில் நின்றார். கணக்கு வாத்தியார். தோள் பதினெட்டு, மார்பு நாற்பது. முதல் நாள் எழுதியது, கடைசி நாள்வரை அதேதான்.

"அஞ்சு தடவை பிடிச்சேன்" என்றார். "அஞ்சு இஞ்ச். என் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுது."

மனைவி பிரிக்கிற ஊசியை நிறுத்தினார். "அவருக்கு வேற ஏதாவது வியாதியா இருந்திருக்கும்ங்க."

"இருந்திருக்கும். என்ன வியாதின்னு நான் கேட்கவே இல்லையே" என்றார் மாஸ்டர்.